ஐஇஎல்டிஎஸ் பேச்சுத் தேர்வுக்கு முதன்முறையாகப் போகிறவர்களுக்கு: கடவுச்சீட்டு முதல் மறுமதிப்பீடு வரை

வெளிநாட்டுப் படிப்புக்காகவோ வேலைக்காகவோ ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வை எழுதப் போகிறவர்கள் கேட்டல், படித்தல், எழுதுதல் ஆகிய மூன்றுக்கும் மாதக்கணக்கில் உழைத்துவிட்டு, பேச்சுத் தேர்வை மட்டும் கடைசி வாரத்துக்குத் தள்ளிவைப்பது வழக்கமாகிவிட்டது. கால் மணி நேரம்கூட நீடிக்காத ஒரு நேர்காணலுக்கு என்ன பெரிய ஆயத்தம் என்ற எண்ணமே அதற்குக் காரணம். ஆனால் மொத்த மதிப்பெண்ணில் நான்கில் ஒரு பங்கு அந்த நேர்காணலுக்கு உரியது. பல நாடுகளின் விசாவுக்கு அதில் தனியாகவும் குறைந்தபட்ச மதிப்பெண் தேவைப்படுகிறது. இந்த வழியைத் தட்டுத் தடுமாறிக் கடந்தபோது எனக்குக் கிடைத்த அறிவுரைகளில் பாதி, பயிற்சி மையங்கள் தங்கள் வகுப்பை விற்பதற்காகச் சொன்னவை. பணமும் நேரமும் எங்கே வீணாகின்றன, தமிழ் பேசிப் பழகிய நாக்கு எங்கே இடறுகிறது என்பவற்றை, இந்தியாவிலிருந்து தேர்வு எழுதுகிறவரை மனத்தில் வைத்து, வரிசையாக எழுதுகிறேன்.

1. எந்தத் தேர்வு, எத்தனை பேண்ட் (மதிப்பெண் நிலை) என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

ஐஇஎல்டிஎஸ்ஸில் அகாடமிக், ஜெனரல் ட்ரெய்னிங் என்று இரண்டு வகைகள் உள்ளன. பல்கலைக்கழகச் சேர்க்கைக்குப் பெரும்பாலும் அகாடமிக் கேட்கப்படும். கனடாவின் நிரந்தரக் குடியேற்றத்துக்கு ஜெனரல் ட்ரெய்னிங் எழுத வேண்டும். பேச்சுத் தேர்வு இரண்டுக்கும் ஒன்றுதான் என்றாலும், தவறான வகையில் பதிவு செய்துவிட்டால் முழுத் தேர்வும் பயனற்றுப் போகும். பிரிட்டன் விசாவுக்கென்று யுகேவிஐ என்ற பெயரில் தனிப் பதிவு இருக்கிறது. வினாத்தாள் அதேதான், நடைமுறை மட்டும் வேறு; சாதாரணத் தேர்வின் சான்றிதழ் அங்கே எல்லா விசாவுக்கும் செல்லாது. அங்குள்ள கணவரிடமோ மனைவியிடமோ சேர்வதற்கான குடும்ப விசாவுக்குப் பேசுதலையும் கேட்டலையும் மட்டும் சோதிக்கும் லைஃப் ஸ்கில்ஸ் தேர்வு போதுமானதாக இருக்கலாம்.

மதிப்பெண் இலக்கையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற குடியேற்றத் திட்டத்தில், அந்நாட்டின் மொழித்திறன் அளவுகோலான சிஎல்பியில் 9ஆம் நிலையை எட்டக் கேட்டலில் 8, மற்ற மூன்றிலும் தலா 7 பேண்ட் வேண்டும். பிரிட்டனில் செவிலியராகப் பதிவு செய்ய எழுதுதலில் 6.5, பேசுதல் உள்ளிட்ட மற்ற மூன்றிலும் தலா 7 தேவை. 'மொத்தம் 7 வந்தால் போதும்' என்று யாராவது சொன்னால், ஒவ்வொரு திறனுக்கும் தனி வரம்பு உண்டா என்பதைச் சம்பந்தப்பட்ட நிறுவனத்தின் அதிகாரப்பூர்வ அறிவிப்பிலேயே பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

2. கடவுச்சீட்டைத் தயார் செய்யுங்கள்

இந்தியாவில் இத்தேர்வுக்குக் கடவுச்சீட்டைத் தவிர வேறு அடையாள ஆவணம் ஏற்கப்படுவதில்லை. ஆதார், ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை எதுவும் உதவாது. கடவுச்சீட்டே இல்லாதவர் அதற்கு விண்ணப்பிப்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும்: பெரியவர்களுக்கான 36 பக்கச் சாதாரணப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய், தத்கால் முறையில் கூடுதலாக 2,000 ரூபாய். காவல்துறைச் சரிபார்ப்புக்கு ஆகும் காலம் ஊருக்கு ஊர் மாறும். ஆகவே கடவுச்சீட்டு கைக்கு வந்த பிறகு தேர்வுத் தேதியைத் தேர்ந்தெடுப்பதே பாதுகாப்பு.

தமிழர்களுக்கு இங்கே ஒரு தனித் தொல்லை உண்டு. நம் பெயருக்கு முன்னால் இருப்பது தலைப்பெழுத்து. குடும்பப் பெயர் என்ற ஒன்று நம்மில் பலருக்குக் கிடையாது. கடவுச்சீட்டில் சிலருக்கு அப்பாவின் பெயர் குடும்பப் பெயர் இடத்தில் இருக்கும், சிலருக்கு அந்த இடமே காலியாக இருக்கும், சிலருக்குத் தலைப்பெழுத்து விரிக்கப்பட்டு இயற்பெயரோடு ஒட்டிக் கிடக்கும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியோ வங்கிக் கணக்கில் உள்ளபடியோ எழுதாமல், கடவுச்சீட்டில் எந்தக் கட்டத்தில் எது உள்ளதோ அதை எழுத்து மாறாமல் பதிவுப் படிவத்தில் நிரப்புங்கள். குடும்பப் பெயர் இடம் காலியாக இருந்தால், என்ன நிரப்புவது என்று தேர்வு மையத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, பதிலைச் சேமித்து வையுங்கள். இதை அலட்சியமாக நினைக்காதீர்கள். சான்றிதழில் ஒரு பெயரும் கடவுச்சீட்டில் வேறொரு பெயரும் இருந்தால் விசா அலுவலகம் விளக்கம் கேட்கும், அதைத் திருத்துவதற்குள் சேர்க்கைக் காலம் போய்விடக்கூடும்.

பதிவு செய்த பின் கடவுச்சீட்டைப் புதுப்பித்தால் எண் மாறிவிடும். அதைத் தேர்வு நாளுக்கு முன்பே மையத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

3. கட்டணமும் தேதியும்

இந்தியாவில் இத்தேர்வை இப்போது ஐடிபி நிறுவனம் நடத்துகிறது. 2025இல் கட்டணம் 18,000 ரூபாய் அளவில் இருந்தது. அது அவ்வப்போது உயர்த்தப்படுவதால் பணம் கட்டும் நாளில் காட்டப்படும் தொகையையே நம்புங்கள். அதிகாரப்பூர்வத் தளத்தில் நீங்களே பதிவு செய்யலாம். முகவர் வழியாகப் பதிவு செய்தாலும் உங்கள் மின்னஞ்சலையும் கைபேசி எண்ணையும் மட்டுமே கொடுங்கள். முகவரின் மின்னஞ்சலில் பதிவாகிவிட்டால், தேர்வு நேர மாற்றமும் முடிவும் அவரிடம் போய்ச் சேரும். அவர் சொல்லும்போதுதான் உங்களுக்குத் தெரியும்.

பேச்சுத் தேர்வு மற்ற மூன்றோடு ஒரே நாளில் நடக்கலாம், அல்லது அதற்கு ஒரு வாரம் முன்னோ பின்னோ வைக்கப்படலாம். வெளியூரிலிருந்து சென்னைக்கோ கோவைக்கோ வந்து எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்காமல் விட்டால் பயணச் செலவும் தங்கும் செலவும் இரட்டிப்பாகும். பதிவின்போது பேச்சுத் தேர்வின் நேரத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி பெரும்பாலும் இருக்கும். இரண்டையும் ஒரே நாளில் வைத்துக்கொள்வதா, தனித்தனியாக வைப்பதா என்பதை அப்போதே முடிவு செய்யுங்கள். என்னைக் கேட்டால், உள்ளூர்க்காரர் தனித்தனியாக வைத்துக்கொள்வது நல்லது. மூன்று தேர்வுகளை எழுதிக் களைத்த மூளையோடு போய்ப் பேசுவது எளிதன்று.

சான்றிதழ் 2 ஆண்டுகளுக்குச் செல்லும். அந்தக் கணக்கை விண்ணப்பம் சமர்ப்பிக்கும் நாள் வரை போட்டுப் பாருங்கள். தேதியை மாற்றுவதற்கும் ரத்து செய்வதற்கும் கால வரம்பும் பிடித்தமும் உண்டு; பணம் கட்டும் முன் அந்த விதிகளை முழுதாகப் படியுங்கள். உடல்நலக் குறைவால் தேர்வுக்குப் போக முடியாமல் போனால், மருத்துவச் சான்றிதழைத் தேர்வு நாளிலிருந்து 5 நாட்களுக்குள் மையத்தில் கொடுத்துவிட வேண்டும். வாய்மொழியாகச் சொன்னது கணக்கில் வராது.

4. அறைக்குள் என்ன நடக்கும்

உங்கள் முன்னால் ஒரு தேர்வாளர் இருப்பார்; சில மையங்களில் அவர் காணொளித் திரையில் வருவார். மேசையில் ஒலிப்பதிவுக் கருவி ஓடிக்கொண்டிருக்கும். மொத்த நேரம் 11 முதல் 14 நிமிடங்கள்.

முதல் பகுதி 4 முதல் 5 நிமிடங்கள்: பெயர், ஊர், வீடு, படிப்பு, வேலை, பொழுதுபோக்கு. இரண்டாம் பகுதியில் ஒரு தலைப்பும் சில துணைக் குறிப்புகளும் அச்சிட்ட அட்டையைத் தருவார்கள். குறிப்பெடுக்கத் தாளும் பென்சிலும் கிடைக்கும். யோசிக்க 1 நிமிடம், பேச 1 முதல் 2 நிமிடங்கள். 2 நிமிடம் ஆனதும் தேர்வாளர் குறுக்கிட்டு நிறுத்துவார். அது கண்டிப்பு அல்ல, கடிகாரத்தின் வேலை. வாக்கியம் பாதியில் நின்றாலும் மதிப்பெண் குறையாது. மூன்றாம் பகுதி 4 முதல் 5 நிமிடங்கள்: அட்டையின் தலைப்பையே பொதுச் சமூகக் கேள்விகளாக விரித்துக் கேட்பார்கள். அட்டையில் உங்கள் ஆசிரியரைப் பற்றிப் பேசச் சொல்லியிருந்தால், இங்கே கல்வி முறையைப் பற்றிக் கேட்பார்கள்.

கேள்வி காதில் சரியாக விழவில்லை என்றால் திரும்பக் கேட்கச் சொல்லுங்கள். புரியாத கேள்விக்கு ஊகித்துப் பதில் சொல்வதைவிட அது எவ்வளவோ மேல்.

5. எதற்கு மதிப்பெண் தருகிறார்கள்

சரளமும் தொடர்ச்சியும், சொல்வளம், இலக்கணத்தின் வீச்சும் பிழையின்மையும், உச்சரிப்பு ஆகிய நான்குக்கும் சமப் பங்கு. இரண்டில் 6, இரண்டில் 7 வாங்கினால் 6.5. இந்தப் பட்டியலில் உங்கள் கருத்து சரியா, அறிவு ஆழமானதா என்பதற்கு இடமே இல்லை. பூமி வெப்பமாவதைப் பற்றி ஒன்றும் தெரியாது என்றால், ஏன் தெரியாது, எங்கே கேள்விப்பட்டீர்கள், உங்கள் ஊரில் மழை எப்படி மாறியிருக்கிறது என்று பேசினாலும் அதே மதிப்பெண்தான். கேள்விக்கு ஒற்றை வரியில் பதில் சொல்லி நிறுத்துவதே மதிப்பெண்ணைக் குறைக்கும், ஏனென்றால் அதில் மதிப்பிட எதுவும் இருக்காது.

6. சே, டெல், ஸ்பீக், டாக்: இந்த நான்கு ஆங்கில வினைகளையும் சரிசெய்துகொள்ளுங்கள்

பெரிய பெரிய சொற்களைத் தேடிப் போகும் முன் இங்கே நேரம் செலவிடுங்கள். ஒருவர் தந்த அறிவுரை, கேட்ட செய்தி, நடந்த உரையாடல் என்று அட்டையில் எது வந்தாலும் இந்த நான்கு வினைகள் இல்லாமல் 2 நிமிடம் பேச முடியாது. தமிழில் 'சொல்', 'பேசு' என்ற இரண்டே அந்த இடங்களைப் பெரும்பாலும் நிரப்பிவிடுவதால், நான்கில் எது வர வேண்டும் என்ற உணர்வு நமக்கு இயல்பாக வருவதில்லை.

தேர்வறையில் நம்மவர்கள் அட்டையைப் பார்த்ததும் தொடங்கும் வாக்கியமே பெரும்பாலும் பிழையானது: "ஐ வில் டெல் அபௌட் மை அங்கிள்." டெல் என்றால் யாரிடம் என்பது உடனே பின்னால் வர வேண்டும்: "டெல் யூ அபௌட் மை அங்கிள்". அல்லது டாக்கைப் பயன்படுத்தி, "ஐ வுட் லைக் டு டாக் அபௌட் மை அங்கிள்" என்று தொடங்குங்கள். முதல் வாக்கியம் சரியாக விழுந்தால் அடுத்து வருவதற்கும் தைரியம் பிறக்கும்.

டெல்லுக்கும் ஆளுக்கும் நடுவில் 'டு' வராது. "ஹி டோல்ட் டு மீ" தவறு, "ஹி டோல்ட் மீ" சரி. சேயில் இது தலைகீழ்: "ஹி செட் மீ" தவறு, "ஹி செட் டு மீ" சரி. யாரிடம் சொன்னார் என்பது தேவையில்லை என்றால் "ஹி செட்" என்று சொல்லி, சொன்ன செய்திக்கு நேராகப் போய்விடுங்கள். "ஹி டோல்ட் தட்" என்று ஆளை விட்டுவிட்டுத் தொடர வேண்டாம். கதை, பொய், உண்மை, நகைச்சுவைத் துணுக்கு போன்ற சில சொற்களோடு டெல் ஆளில்லாமலும் நிற்கும்: "டெல் எ ஸ்டோரி", "டெல் தி ட்ரூத்". 'காத்திருக்கச் சொன்னார்' என்ற ஏவலுக்கும் டெல்தான்: "ஹி டோல்ட் மீ டு வெயிட்".

எழுத்தில் இருப்பதற்குச் சே வரும். 'அறிவிப்பில் போட்டிருக்கிறது' என்பதற்கு "தி நோட்டீஸ் செஸ்" என்றால் போதும். இதைத் தெரியாமல் "இன் தி நோட்டீஸ் தே ஹேவ் புட்" என்று சுற்றி வளைப்பவர்கள் அதிகம். 'பார்த்தாலே தெரிகிறது' என்ற பொருளில் டெல் வரும்: "ஐ குட் டெல் ஹி வாஸ் டயர்ட்", அதாவது அவர் களைத்திருக்கிறார் என்று கண்டுகொண்டேன். 'வைத்துக்கொள்வோமே' என்பதற்கு "லெட்ஸ் சே". மூன்றாம் பகுதியில் உதாரணம் சொல்லத் தொடங்க இது மிகவும் கை கொடுக்கும். உச்சரிப்பையும் கவனியுங்கள்: எழுத்தைப் பார்த்துச் சேஸ், சேட் என்று நீட்டக் கூடாது, செஸ், செட் என்று குறுக வேண்டும்.

மொழியின் பெயரோடு ஸ்பீக்: "ஐ ஸ்பீக் தமிழ் அட் ஹோம்". மேடை, அலுவலகம், தொலைபேசி போன்ற சற்று மரியாதையான இடங்களுக்கும் அது பொருந்தும். இருவர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பதற்கு டாக். 'பேசிப் பேசியே சம்மதிக்க வைத்துவிட்டாள்' என்பதற்கு "ஷி டாக்ட் மீ இன்டு இட்" என்று ஒரு வழக்கு உண்டு. பொருத்தமான இடத்தில் வந்தால் சொல்வளத்துக்கு அது நல்லது. டிஸ்கஸ் என்பதன் பின்னால் 'அபௌட்' வராது என்பதையும் இங்கேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

பயிற்சிக்குச் செலவே இல்லை. நேற்று உங்கள் வீட்டில் நடந்த ஒரு வாக்குவாதத்தை, யார் என்ன சொன்னார், யார் என்ன பதில் சொன்னார் என்று 2 நிமிடம் ஆங்கிலத்தில் கைபேசியில் பதிவு செய்யுங்கள். பிறகு கேட்டு, இந்த நான்கு வினைகளும் வரும் இடங்களை மட்டும் தாளில் குறியுங்கள். வேறு எதையும் திருத்த வேண்டாம். வாரக்கணக்கில் இதைச் செய்தால் நாக்கு தானே திரும்பிவிடும்.

7. உச்சரிப்பில் எதைத் திருத்துவது, எதை விடுவது

தமிழ்ச் சாயல் இருப்பதற்காக மதிப்பெண் குறைப்பதில்லை; கேட்பவர் சிரமமின்றிப் புரிந்துகொள்கிறாரா என்பதே அளவுகோல். ஆகவே அமெரிக்கர் போலவோ லண்டன்காரர் போலவோ பேச முயன்று நேரத்தை வீணாக்காதீர்கள். திருத்த வேண்டியவை சில உண்டு. பஸ்ஸு, புக்கு என்று சொல்லின் இறுதியில் உகரம் சேர்க்கும் பழக்கம் முதலாவது. எக்ஸாமை யெக்ஸாம் என்றும் ஒன்லியை வொன்லி என்றும் தொடங்குவது இரண்டாவது. ஃபேனும் பேனும் ஒன்றுபோல் ஒலித்தால் பொருளே மாறும். எல்லா அசைகளையும் ஒரே எடையில் சொல்வது கேட்பவரை மிகவும் களைப்பாக்கும்: ஃபோட்டோகிராஃப் என்பதில் முதல் அசை அழுத்தம் பெறும், ஃபோட்டாகிரஃபி என்பதில் இரண்டாம் அசை பெறும்.

இலக்கணத்தில் "ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்", 'தான்' என்பதற்காக வாக்கியத்தின் கடைசியில் ஒட்டும் "ஒன்லி", அறிமுகத்தில் வரும் "மைசெல்ஃப் குமார்" ஆகியவற்றை விட்டொழியுங்கள்.

8. மனப்பாட விடைகளை வாங்காதீர்கள்

'இந்த மாதம் வரப்போகும் அட்டைகள்' என்று தொகுப்புகள் விலைக்குக் கிடைக்கின்றன. நான் போன ஒரு பயிற்சி மையத்தில், எந்தத் தலைப்பு வந்தாலும் பொருந்தும்படி ஒரு முன்னுரையை எல்லோருக்கும் ஒப்பிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். அதைத் தேர்வாளர் எளிதில் கண்டுபிடித்துவிடுவார், ஏனென்றால் ஒப்பிக்கும் பகுதி மழையாகப் பொழிந்து, அது முடிந்ததும் சொந்தப் பேச்சு தடுக்கி விழும். அந்த வேறுபாடே போதும். மனப்பாடப் பகுதி உங்கள் உண்மையான திறனாகக் கணக்கில் வராது. தலைப்புகளைத் தெரிந்துகொள்வதில் தவறில்லை. அவற்றுக்கு விடை எழுதி உருப்போடாமல், ஒரே தலைப்பை மூன்று நாள் மூன்று விதமாகப் பேசிப் பாருங்கள்.

1 நிமிட ஆயத்த நேரத்தில் முழு வாக்கியம் எழுதாதீர்கள். யார், எங்கே, என்ன நடந்தது, பிறகு என்ன ஆயிற்று என்ற நான்குக்கும் ஒவ்வொரு சொல் குறித்தால் 2 நிமிடம் ஓடிவிடும். உண்மை நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுங்கள். கற்பனை செய்துகொண்டே மொழிபெயர்ப்பது இரட்டைச் சுமை.

9. தேர்வு நாள்

பதிவில் கொடுத்த அதே கடவுச்சீட்டின் அசல் கையில் இருக்க வேண்டும். நகலும் கைபேசியில் உள்ள படமும் ஏற்கப்படா. மையத்தில் புகைப்படமும் விரல் ரேகையும் எடுப்பார்கள். மருதாணியோ காயமோ ரேகையை மறைக்கும்படி இருந்தால் தாமதமாகலாம். கைபேசி, கைக்கடிகாரம் எல்லாம் வெளியே வைத்துவிட்டுப் போக வேண்டும். உங்கள் நேரத்துக்கு அரை மணிக்கு முன்னால் போய்விடுங்கள். காத்திருக்கும் அறையில் பக்கத்தில் இருப்பவரோடு ஆங்கிலத்தில் நாலு வார்த்தை பேசிக்கொண்டிருப்பது, குறிப்பேட்டைப் புரட்டுவதைவிட நாக்கை நன்றாகத் தயார்ப்படுத்தும்.

10. முடிவு வந்த பிறகு

கணினி வழித் தேர்வின் முடிவு பொதுவாக 1 முதல் 5 நாட்களில் வரும். தாள் வழித் தேர்வு நடக்கும் இடங்களில் 13 நாட்கள் ஆகும். சேர்க்கைக் கடைசித் தேதி நெருங்கியவர்கள் இதைப் பதிவின்போதே கணக்கில் கொள்ள வேண்டும்.

பேச்சில் மட்டும் அரை பேண்ட் குறைந்திருந்தால் இரண்டு வழிகள் உண்டு. முதலாவது மறுமதிப்பீடு: தேர்வு நாளிலிருந்து 6 வாரங்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், உங்கள் ஒலிப்பதிவை வேறொரு மூத்த தேர்வாளர் கேட்டு மதிப்பிடுவார், மதிப்பெண் உயர்ந்தால் கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும். மற்ற மூன்றிலும் நல்ல மதிப்பெண் வந்து, பேச்சும் நன்றாகப் போயிற்று என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் இதில் பணம் போடுங்கள். தடுமாறியது உங்களுக்கே நினைவிருந்தால் வேண்டாம்.

இரண்டாவது, ஒரு திறனை மட்டும் மறுபடி எழுதும் ஒன் ஸ்கில் ரீடேக். கணினி வழியில் எழுதியவர்களுக்கு மட்டும், முதல் தேர்விலிருந்து 60 நாட்களுக்குள் ஒரே ஒரு முறை இந்த வாய்ப்பு உண்டு; கட்டணம் முழுத் தேர்வைவிடக் குறைவு. ஆனால் இந்தச் சான்றிதழை எல்லாப் பல்கலைக்கழகங்களும் குடியேற்றத் துறைகளும் ஏற்பதில்லை. நீங்கள் விண்ணப்பிக்கும் இடம் ஏற்குமா என்பதை எழுத்து மூலம் கேட்டு, பதில் வந்த பிறகே பணம் கட்டுங்கள். அந்தப் பதிலுக்குச் சில இடங்களில் வாரக்கணக்கில் ஆகும் என்பதால், முடிவு வந்த அன்றே மின்னஞ்சலை அனுப்பிவிடுங்கள்.